உமியோடு வந்த சாமையிலிருந்து ஒரு பொங்கல் விருந்து

2025ஆம் ஆண்டுப் பொங்கல் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, வாசலுக்குச் சாணம் தெளிக்கும்போது வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட வேண்டியதாயிற்று. எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையில் இருக்கிறது. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்து, அம்மா ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுத் திரும்பியதைத் தவிர அந்தச் சமையலில் எனக்கு எந்தப் பங்கும் இருந்ததில்லை. அந்த வருஷம் பெரியவர்கள் எட்டு, பிள்ளைகள் ஆறு என்று பதினான்கு பேருக்கான விருந்தை நானும் என் மனைவியும் அக்காவும் சேர்ந்து, அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, முதலிலிருந்து செய்தோம்.

முதலிலிருந்து என்றால் உமி நீங்காத சாமை, தோலோடு இருக்கும் அவரை, தூளாக்கப்படாத மல்லி, மிளகாய் ஆகியவற்றிலிருந்து. சமையல் குறிப்புகள் எல்லாம் அடுப்பைப் பற்ற வைப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. முழுத் தானியத்தை வைத்துச் சமைப்பவருக்கு அதற்குள் முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும், விருந்து நன்றாக வருமா வராதா என்பதும் அதற்குள் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். இதை நான் சில தவறுகளைச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

சாமையிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு முந்தைய வருஷம் கடையில் வாங்கிய சாமை அரிசியில் பொங்கல் வைத்தபோது, எவ்வளவு நெய் ஊற்றியும் ஒரு சிக்கு வாடை போகவே இல்லை. காரணத்தை அம்மா ஒரே வரியில் சொன்னார்: "அரைச்சு எத்தன மாசம் ஆச்சோ, யாரு கண்டா." சாமையின் உமியை நீக்கியதும் உள்ளே இருக்கும் தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டுக் கெடத் தொடங்குகிறது. உமியோடு இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் தாங்கும் அதே தானியம், தவிடு நீங்காத அரிசியாக்கிய பிறகு சில வாரங்களில் வாசனை மாறிவிடும். கம்பு மாவு அரைத்த சில நாளிலேயே கசப்பதற்கும் இதுதான் காரணம். தவிட்டை முழுக்கத் தேய்த்தெடுத்து வெள்ளையாக விற்கும் சாமை கெடாமல் இருக்கும், ஆனால் அதில் சாமைக்கே உரிய மணமும் மிச்சமிருக்காது. ஆகவே வத்தல்மலையில் சாமை பயிரிடும் ஒரு குடும்பத்திடம் உமியோடு ஐந்து கிலோ வாங்கி வந்து, பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, பத்தாம் தேதி வெள்ளிக்கிழமைதான் மில்லில் கொடுத்து அரைத்தோம். ஐந்து கிலோவுக்கு மூன்று கிலோவும் சொச்சமும் அரிசி கிடைத்தது. யாராவது இதைச் செய்ய நினைத்தால், தேவையான அரிசியின் எடையில் குறைந்தது ஒன்றே முக்கால் மடங்கு தானியம் வாங்குங்கள் என்பேன். மில்லில் ஒரே ஓட்டம் போதும் என்றும், தவிட்டைத் தனியே தரும்படியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிசி சற்றே மங்கலாக, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் வந்தால்தான் தவிடு தங்கியிருக்கிறது என்று பொருள்.

மில்லிலிருந்து வந்தது அப்படியே உலைக்குப் போகாது. முறத்தில் புடைத்து மிச்ச உமியைப் போக்கி, உமி நீங்காமல் தங்கிய மணிகளைக் கண்ணுக்குத் தெரிந்தவரை பொறுக்கி, அதன்பின் கல் அரிக்க வேண்டும். இந்தக் கல் அரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாமையும் மணலும் ஏறக்குறைய ஒரே அளவு. அரிசியில் கல் பொறுக்குவதுபோல இதில் பொறுக்க முடியாது. அம்மா இரண்டு குண்டான்களை எடுத்து வரச் சொன்னார். ஒன்றில் இரண்டு கைப்பிடி சாமையைப் போட்டு, அதற்கு மேல் நான்கு விரற்கடை தண்ணீர் ஊற்றி, குண்டானின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொட்டிலை ஆட்டுவதுபோல் ஆட்டினால், இலேசான சாமை தண்ணீரோடு எழும்புகிறது, கனமான மணல் அடியில் தங்குகிறது. எழும்பிய அந்த நொடியில் குண்டானைச் சரித்து, சாமையை இரண்டாவது குண்டானுக்குள் வழிய விட வேண்டும். நான் முதலில் தண்ணீரை ஒரே மூச்சில் கவிழ்த்தேன்; மணலும் சேர்ந்தே போய் விழுந்தது. "ஊத்தாத கண்ணு, ஆட்டு. ஆட்டிக்கிட்டே இரு, அதுவா போவும்" என்றார் அம்மா. ஆட்டும் கை நிற்கக் கூடாது, சரிவு கூடவும் கூடாது. தண்ணீர் குறையக் குறைய மேலும் ஊற்றி, ஐந்தாறு தடவை இதைத் திரும்பச் செய்தால் முதல் குண்டானில் கடைசியாக ஒரு கரண்டி சாமையும், அதன் நடுவே கறுப்பும் வெள்ளையுமாக மணலும் நிற்கும். அந்தக் கடைசிக் கரண்டியைக் காப்பாற்ற முயலாமல் கோழிக்குப் போட்டுவிட வேண்டும். இரண்டே கால் கிலோவை அரித்து முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு அதை வெள்ளைத் துணியில் பரப்பி, ஈரம் போக நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டேன். பொங்கலன்று காலையில் கல் அரிக்கலாம் என்று விட்டிருந்தால் மதியச் சாப்பாடு சாயங்காலமாகியிருக்கும்.

அடுத்தது சந்தை. எங்கள் பக்கத்தில் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் பொங்கலுக்கு வேண்டிய காய், கிழங்கு, மண்பானை, வெல்லம் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். பன்னிரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கே போனோம். பச்சை அவரை மார்கழியும் தையும் சேரும் இந்தப் பனிக்காலத்தில்தான் திரட்சியாக வரும். சமவெளிப் பக்கங்களில் மொச்சை என்று சொல்லும் இதை எங்கள் ஊரில் அவரைக்கொட்டை என்போம். காயைக் கையில் எடுத்தால் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பும், முகர்ந்தால் கமகமவென்று ஒரு வாசமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத காயில் குழம்பு வைத்தால் நிறம் இருக்கும், ருசி இருக்காது. நான்கு கிலோ காய் வாங்கினோம். உரித்ததில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொட்டை கிடைத்தது, மேல்தோல் நீக்கியபின் ஒன்றரைக் கிலோ தேறியது. பதினான்கு பேருக்கு இது தாராளம்.

வெல்லம் வாங்குவதிலும் ஒரு சொல். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் இலையில் அழகாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அந்த நிறம் காய்ச்சும்போது ஹைட்ரோஸ் என்னும் வெளுக்கும் ரசாயனத்தைப் போட்டதால் வருவது. கரும்புச்சாற்றை வெறுமனே காய்ச்சினால் வெல்லம் பழுப்பாகத்தான் வரும். கறுப்பாக இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்டார்கள், சாப்பிட்டபின் கேட்கவில்லை. கடலை எண்ணெயை டிசம்பரிலேயே சொந்தக் கடலையைச் செக்கில் கொடுத்து ஆட்டி வைத்திருந்தோம். இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கிடைக்கும். புதிதாக ஆட்டிய எண்ணெய் கலங்கலாக இருக்கும், மூன்று நான்கு நாள் அசையாமல் வைத்துத் தெளிந்தபின் மேலாக இறுத்துக்கொள்ள வேண்டும். அடியில் தங்கும் மண்டியோடு சேர்த்து வைத்தால் சீக்கிரம் சிக்கு ஏறிவிடும்.

போகியன்று, திங்கட்கிழமை, வீட்டில் ஒருவருக்கும் விருந்தைத் தவிர வேறு சமையலில் நாட்டம் இருக்காது என்பதால் மதியம் கேழ்வரகுக் களியும் புளிச்சகீரைக் கடைசலும் மட்டும் வைத்தோம். மறுநாள் பெரிய சமையல் இருக்கும்போது முந்தின நாள் இப்படி ஒரு களியோடு நிறுத்திக்கொள்வது மிகவும் நல்லது. புதுப்பானையை ஞாயிற்றுக்கிழமை இரவே தண்ணீரில் மூழ்க வைத்து, திங்கட்கிழமை முழுக்க அரிசி கழுநீர் ஊற்றி வைத்து, மாலையில் அந்தக் கழுநீரையே சிறு தீயில் ஒரு கொதி விட்டு இறக்கினோம். பழகாத பானையை நேரே விறகடுப்பில் ஏற்றினால் கீறல் விடும்.

அவரைக்கொட்டையைப் போகியன்று காலை பத்து மணிக்கு ஊறப் போட்டு, நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றி, இரவு ஏழு மணிக்குப் பிதுக்க உட்கார்ந்தோம். தண்ணீரை மாற்றாமல் விட்டால் புளித்த வாடை வந்துவிடும். பிதுக்குவதற்கு ஒரு முறை உண்டு: கொட்டையின் ஒரு பக்கத்தில் வெள்ளைக் கோடுபோல மூக்கு இருக்கும், அந்தப் பக்கத்தை உள்ளங்கைக்குள் வைத்து, எதிர்முனையை வெளியே பார்க்கும்படி கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாக அழுத்தினால் தோல் முனையில் கிழிந்து பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கும். மாற்றிப் பிடித்தால் பருப்பு நசுங்கும். இளம்பச்சையில், ஈரப் பளபளப்போடு, இரண்டு பாதியும் பிரியாமல் விழும் அந்தப் பருப்பு தட்டில் சேரச் சேரக் கைக்கு வேகம் வரும். ஆறு பிள்ளைகளும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு உட்கார்ந்ததால் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. தனியாக ஒருவர் செய்தால் பாதி ராத்திரி ஆகும். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசும் என் உடன்வேலைக்காரர்கள் இதையே ஹிதகபேளே என்கிறார்கள். சமைக்கும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை. பிதுக்கிய பருப்பை ஈரத்துணி மூடி, பனியில் வெளியே திண்ணையிலேயே வைத்தோம். அந்த மாதக் குளிர் அதற்குப் போதும்.

இனி நான் செய்த பெரிய தவறு. அக்கா தன் வீட்டிலிருந்து செம்மண் கட்டிய துவரம்பருப்பு கொண்டுவந்திருந்தார். துவரையை ஊற வைத்து, செம்மண் குழம்பில் புரட்டி, நன்றாகக் காய வைத்து, திரிகையில் உடைத்துப் புடைத்தெடுத்த பருப்பு அது. கடைப் பருப்பைவிட நிறம் மங்கலாகவும் மணம் கூடுதலாகவும் இருக்கும். பொங்கலன்று காலை ஆறரை மணிக்கு அதை வேக வைத்தேன். எட்டு மணிக்கும் பருப்பு பருப்பாகவே நின்றது. நசுக்கினால் நடுவில் மாவாக இருக்கிறது, குழையவில்லை. விறகு போதவில்லை என்று நினைத்து மேலும் இரண்டு கட்டையைத் தள்ளினேன். அப்போதுதான் அம்மா கேட்டார்: "எந்தத் தண்ணி வெச்ச?"

போர்த் தண்ணீர் வைத்திருந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலிலும் சதையிலும் பிடித்துக்கொண்டு அதைக் குழைய விடாது. அதைவிட முக்கியமான இன்னொன்று, இந்த நீரில் ஃபுளூரைடு கூடுதலாக இருப்பது. எங்கள் ஊரில் பழுப்புக் கறை படிந்த பற்களோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததே முக்கியமாக இதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பலர் குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொதிக்கிறதுதானே என்று சமையலுக்குப் போர்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கொதிப்பதால் ஃபுளூரைடு போகாது. நீர் வற்றும்போது அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். தண்ணீரை முழுக்க உறிஞ்சும் சாமைச் சோற்றுக்கும் பொங்கலுக்கும் இது இன்னும் பொருந்தும். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும், அன்று காலை தொட்டியைக் கழுவ வேண்டியிருந்த அவசரத்தில் பக்கத்துக் குழாயில் பிடித்து ஊற்றிவிட்டேன். விருந்துக்கு இரண்டு நாள் முன்பே, சமையலுக்கென்று தனியாக நாற்பது லிட்டராவது நல்ல தண்ணீர் பிடித்து மூடி வைத்துவிடுங்கள் என்று இதைப் படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா சமையல் சோடா போடலாமா என்று கேட்டார். போட்டால் குழையும் என்பது உண்மை, ஆனால் சவுக்காரம்போல ஒரு ருசி ஏறும், பருப்பிலுள்ள பி1 வைட்டமினும் அழியும், வேண்டாம் என்றேன். அந்த நீரை வடித்துவிட்டு ஒகேனக்கல் தண்ணீரைச் சூடாக்கி ஊற்றி, இன்னும் முக்கால் மணி நேரம் வேக வைத்தோம். ஒருவாறு வெந்தது, ஆனால் சாம்பாருக்குரிய குழைவு வரவில்லை. பூண்டும் சீரகமும் பச்சைமிளகாயும் சேர்த்து மத்தால் கடைந்து பருப்புக் கடைசலாகப் பரிமாறினோம். நல்லவேளையாகப் புளியை அதுவரை சேர்க்கவில்லை. புளி விழுந்திருந்தால் அதன்பின் எவ்வளவு எரித்தாலும் பருப்பு இறுகித்தான் நின்றிருக்கும்.

பொங்கலைப் பொறுத்தவரை அம்மா சொன்ன வரிசையை மீறவில்லை, அதனால் நன்றாக வந்தது. சாமை 600 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 150 கிராம், பால் ஒரு லிட்டர், தண்ணீர் மூன்று லிட்டர், வெல்லம் 900 கிராம். சாமையை அரை மணி நேரம் ஊற வைத்து வடித்துக்கொண்டோம். வாசலில் மூன்று கல் கூட்டி, பானையில் பாலும் தண்ணீரும் ஊற்றி, பொங்கி வழிந்ததும் பருப்பைப் போட்டு, அது பாதி வெந்தபின் சாமையைச் சேர்த்தோம். பச்சரிசிப் பொங்கலுக்கும் சாமைப் பொங்கலுக்கும் இங்கேதான் வேறுபாடு: சாமை பொடியானது, கால் மணி நேரத்தில் வெந்து அடியில் படியத் தொடங்கும், அதற்குமுன் பருப்பு வேக வேண்டும். சாமை விழுந்ததும் எரியும் கட்டைகளில் இரண்டை வெளியே இழுத்துவிட்டு, அகப்பையை அடிவரை விட்டுத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். விரலுக்கிடையே நசுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் மசிகிற பதம் வரும்வரை வெல்லத்தை நினைக்கவே கூடாது. வெல்லம் விழுந்த நிமிஷத்தோடு மணி வேகுவது நின்றுபோகும். முந்தைய வருஷங்களில் ஓசூர் வீட்டில் நாங்கள் வைத்த பொங்கல் பல்லில் நறநறத்ததற்குக் காரணம் இதுதான் என்று அன்றுதான் புரிந்தது. வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, அடுப்பில் தணல் மட்டும் இருக்கும்போது ஊற்றினோம். வடிகட்டிய துணியில் கரும்புச் சக்கையும் நான்கைந்து மணற்பரலும் நின்றன. கொதிக்கும் பாலில் வெல்லத்தை ஊற்றினால் சில வெல்லத்துக்குப் பால் திரிந்துவிடும், ஆகவேதான் தணல்.

பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு மல்லி, காய்ந்த மிளகாய், சீரகம், மிளகு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு ஆகியவற்றை வெறும் சட்டியில் வறுத்து, தேங்காயும் சின்ன வெங்காயமும் சேர்த்து அரைத்தோம். மிக்ஸியில்தான் அரைத்தோம். பதினான்கு பேருக்கு அம்மியில் அரைத்தால்தான் உண்மையான சமையல் என்று நான் நினைக்கவில்லை. மசாலா அன்றைக்கு வறுத்து அன்றைக்கு அரைபட வேண்டும் என்பதே முக்கியம். கடலை எண்ணெயில் கடுகு, பூண்டு, தக்காளி வதக்கி, மசாலா பச்சை வாடை போகக் கொதித்தபின் கடைசியாகத்தான் பருப்பைப் போட வேண்டும். பன்னிரண்டு நிமிஷம் போதும். முந்தின இரவு உட்கார்ந்து பிதுக்கிய பருப்பு ஐந்து நிமிஷ அசட்டையில் கரைந்து காணாமல் போய்விடும், அதனால் இதற்கு ஒருவர் அடுப்பைவிட்டு நகரக் கூடாது. என் மனைவி நின்றார், நகரவில்லை. பூசணிக்காய்ப் பொரியலும், சக்கரவள்ளிக் கிழங்கு சேர்த்த கலவைக் காய்க் கூட்டும், கொள்ளு ரசமும் தாமாகவே நடந்தன.

சாமைச் சோற்றுக்கு ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து, நீர் வற்றியதும் இறக்கி, மூடி, பத்து நிமிஷம் தொடாமல் விட்டால் உதிரியாக வரும். ஒன்றுக்கு மூன்று வைத்த முதல் குண்டான் களியாகிவிட்டது. ஊற வைத்த சாமை ஏற்கெனவே நீர் குடித்திருக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு மணிக்கு இலை போட்டோம். அம்மா இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். குழம்பை முதலில் எடுத்தார், பிறகு பொங்கல். "கல்லு இல்ல" என்றார். சாமையைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும் என்று சொல்லிக்கொண்டு இப்போது பலர் அதைத் தேடுகிறார்கள். இத்தனை வெல்லம் சேர்ந்த பொங்கலுக்கு அந்தப் பேச்சுப் பொருந்தாது. சர்க்கரை உள்ள என் மாமா இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார், அது சரியான அளவு. எனக்குச் சாமை வேண்டியிருப்பது அதன் ருசிக்காகவும், அது எங்கள் மலையிலும் மேட்டிலும் விளைவது என்பதற்காகவும்தான்.

மிஞ்சிய சாமைச் சோற்றில் இரவே தண்ணீர் ஊற்றி, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடித்தோம். மில்லிலிருந்து தனியே வாங்கிவந்த தவிட்டை மாட்டுப் பொங்கலன்று வெல்லம் கலந்து மாடுகளுக்கு வைத்தோம். உமி அடுப்புச் சாம்பலோடு எருக்குழிக்குப் போயிற்று. எஞ்சிய முக்கால் கிலோ சாமை அரிசியை ஓசூருக்கு எடுத்துவந்து பிப்ரவரி முடிவதற்குள் உப்புமாவாகவும் கஞ்சியாகவும் தீர்த்தோம். அடுத்த வருஷத்துக்கென்று பத்துக் கிலோ சாமை இப்போது உமியோடு, வேப்பிலை போட்ட மண்பானையில், வாய் கட்டி அம்மாவின் அறையில் இருக்கிறது. மார்கழிக் கடைசியில் விடுப்பு எடுக்கும் நாளை மில்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.